நுவரெலியா மாதிரித்தான்

1

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இப்போது குளிர்காலம். சிரிக்காதீர்கள், இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தை மாதத்து விடியற்காலையில் வெப்பம் இருபத்திரண்டு பாகைக்கு இறங்கிவிட்டதாம். மேல்மாடி அன்ரி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு பாண் வாங்கப் போகிறார். என் தகப்பனார் குளிக்கச் சுடுதண்ணீர் வைக்கிறார். நான் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு அதற்குக் கீழே வியர்த்துக்கொண்டிருக்கிறேன். பதினேழு வருசம் கனடாவில், கல்கரி என்ற ஊரில் இருந்துவிட்டு வந்தவளுக்கு இவர்களுடைய குளிர் பிடிபடவில்லை.

அம்மா இறந்த இரண்டாம் ஆண்டுச் செபத்துக்காக வந்தேன். கொழும்புக் கத்தோலிக்கப் பிள்ளைகள் பலரைப் போல நானும் அம்மாவை மம்மி என்றும் அப்பாவை டடா என்றும்தான் கூப்பிடுவேன். இந்தக் குறிப்பிலும் அப்படியே எழுதுகிறேன். செபம் நேற்று நல்லபடி முடிந்தது. போன வருசம் முதலாம் ஆண்டுச் செபத்தை கல்கரியில் எங்கள் வீட்டில் வைத்தோம். அது நல்லபடி முடியவில்லை. ஏன் என்று இதுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு பொய் இருக்கிறது. பொய் சொன்னவள் நான்.

2

டடா கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்துநாலு வருசம் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி, எண்ணியதைத் தாளில் எழுதி, கீழே கையெழுத்து வைப்பது அவருடைய வேலை. ஒரு மூட்டை குறைந்தாலும் அந்தக் கையெழுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த அடி வைப்பார்.

மம்மி போன பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் அவர் தனியாக இருந்தார். நான் ஒரே பிள்ளை. ஒவ்வொரு ஞாயிறும் போனில் "எங்களோட வந்து இருங்கோ" என்று கெஞ்சுவேன். அவர் பிடிகொடுக்க மாட்டார். தடை ஒன்றே ஒன்றுதான்.

"அங்க எவ்வளவு குளிர், மகள்?"

"அவ்வளவு இல்ல, டடா."

"அது ஒரு பதிலா? கடல் மட்டத்தில இருந்து ஊர் எவ்வளவு உயரம், அதைச் சொல்லு."

"ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும்."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரைப் பாகை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அவர் மறக்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் லீவு போட்டு எங்களை மலைநாட்டுக்கு, பண்டாரவளைக்கும் நுவரெலியாவுக்கும் கூட்டிப்போவார். ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் உயரத்தை வாசித்துச் சொல்லாமல் இறங்க விடமாட்டார்.

"அப்ப பண்டாரவளையைவிடப் பதிஞ்ச இடம்," என்றார். "பண்டாரவளையில எனக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்."

"ஓம் டடா. நுவரெலியா மாதிரித்தான் எண்டு வையுங்கோவன்."

பண்டாரவளையை, அதைவிட உயரமும் குளிரும் கூடிய நுவரெலியாவாகக் கூட்டிச் சொன்னதில் எனக்கு ஒரு நேர்மைகூட இருப்பதாக அப்போது தோன்றியது. மனம் எப்படியெல்லாம் சமாளிக்கிறது பாருங்கள். அடுத்த ஞாயிறு அவரே கேட்டார், விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று.

தாள்களுக்கு முடிவே இல்லை. அழைப்புக் கடிதம், எங்கள் இருவரின் சம்பளக் கடிதம், அவருக்கு மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி. முதல் படத்தில் சிரித்துவிட்டார் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் மூக்குக் கண்ணாடி பளபளத்தது. மம்மியின் மரணச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்ததால் அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு சரி என்று இன்னொருவரிடம் உறுதி வாங்கி, இப்படியே இழுபட்டது. புரட்டாதியில் வந்து இலையுதிர்வதைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழகட்டும் என்று நான் போட்ட திட்டம் மண்ணாகிப் போனது. அவர் தை மாதம் நடுக் குளிர்காலத்தில் வந்து இறங்கினார்.

3

டடாவின் கணக்கில் பிழை இல்லை. அவருக்குக் கொடுத்த தகவலில்தான் பாதி இல்லை.

லண்டனில் டடாவின் பெறாமகள், சகோதரனின் மகள், ஒருத்தி இருக்கிறாள். லண்டனும் கல்கரியும் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். அவள் தை மாதத்தில் மழைக்கோட்டோடு வேலைக்குப் போகிறாள், மழையைத் திட்டுகிறாள். நாங்கள் அதே மாதத்தில் மூக்குக்குள் ஈரம் உறைவதை உணர்ந்துகொண்டு கார் கண்ணாடியைச் சுரண்டுகிறோம். எங்கள் ஊர் உயரத்தில் இருப்பதால் வந்தது அந்த வித்தியாசத்தில் ஒரு பங்குதான். மற்றது கடலின் வேலை. கடல் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும், மண்சட்டி மாதிரி. தரை அலுமினியச் சட்டி. அடுப்பில் வைத்ததும் கொதிக்கும், இறக்கியதும் ஆறிவிடும். லண்டனுக்கு மேற்கிலிருந்து எந்த நேரமும் கடற்காற்று போகிறது. எங்களுக்குக் கடல் காரில் ஒரு முழுப்பகல் தூரம், நடுவில் மலைத்தொடர் வேறு.

இது இலங்கையில் யாருக்கும் தெரிய வேண்டிய தேவை இல்லை. நாட்டில் எந்த மூலையில் நின்றாலும் காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் கடலைப் பார்த்துவிடலாம். அதனால் எங்களிடம் உள்ளது முழுக்க உயரத்தின் குளிர். நுவரெலியாவில் விடியும்போது புல்லில் பனி உறைந்திருந்தாலும் ஒன்பது மணி வெயிலுக்குக் கரைந்துவிடும், பிறகு ஆட்கள் குதிரைச் சவாரிக்குப் போவார்கள். தூரத்தின் குளிர் வேறு சாதி. நடுப்பகலில் வெயில் கண்ணைக் குத்தும், தண்ணீர் அப்படியே கல்லாகக் கிடக்கும்.

முப்பத்துநாலு வருசம் கடலின் ஓரத்திலேயே வேலை செய்தவருக்கு, அந்தக் கடல் தனக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. மீனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் அதற்கு மட்டும் என்ன தெரியும்?

என் மகள் நவோமிக்குப் பதினைந்து வயது. ஒருமுறை பள்ளிக்கூட வேலைக்காக இரண்டு ஊர்களின் வெப்பத்தைக் கோடாக வரைந்தாள். கல்கரிக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. கொழும்புக் கோடு அடிமட்டம் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. "உங்கட ஊருக்கு வானிலை அறிக்கை எதுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் வானிலையைக் கேலி செய்ததற்காக அல்ல, "உங்கட ஊர்" என்றாளே, அதற்காக.

எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. முதலாவது குளிர்காலத்தில் பஸ் தரிப்பில் நின்று அழுது, அந்தக் கண்ணீர் இமையில் ஒட்டிக் கண்ணைத் திறக்க முடியாமல் நின்றவள் நான். தெரிந்துகொண்டுதான் நுவரெலியா என்றேன்.

4

டடா வந்த அன்று ஆகாயமே எனக்காகப் பொய் சொன்னது.

விமான நிலையக் கதவு திறந்ததும் இளஞ்சூடான காற்று அடித்தது. ஒன்பது பாகை. கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டடா ஒரு ஸ்வெட்டரோடு வெளியே வந்து, மூச்சை இழுத்துப் பார்த்து, "நீ சொன்ன மாதிரித்தான் இருக்கு," என்றார்.

என் கணவர் ரவி மட்டக்களப்புக்காரர். "இது எங்கட கச்சான் காத்து, மாமா," என்றார். அவர் சொன்னது சரி. மட்டக்களப்பில் ஆனி ஆடியில் அடிக்கும் கச்சான், மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோய்க் கிழக்கே இறங்கி வரும் காற்று. இறங்க இறங்க அது சூடேறும். கல்கரியிலும் அதே கதைதான். பசிபிக் கடலின் காற்று மலைத்தொடரில் ஏறி, ஈரத்தை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, இந்தப் பக்கம் வெதுவெதுப்பாக இறங்கும். ஒரே இரவில் பனியைத் தின்றுவிடும். ஆனால் கச்சான் நின்றால் மட்டக்களப்பில் கொஞ்சம் குளிர்ச்சி வரும், அவ்வளவுதான். இங்கே அந்தக் காற்று நின்றால் அதன் இடத்துக்கு வருவது வடதுருவக் காற்று.

இதை ரவி காரில் சொல்ல வாயெடுத்தார். நான் பின்னாலிருந்து அவர் தோளை அழுத்தினேன். வந்த முதல் நாளே ஏன் பயப்படுத்துவான் என்று நினைத்தேன். மெல்ல மெல்லத் தானாகவே தெரிந்துகொள்வார் என்றும் நினைத்தேன்.

ஐந்து நாள் அந்தக் காற்று அடித்தது. டடா காலையும் மாலையும் நடந்தார். எங்கள் பகுதி பழையது என்பதால் தபால் இன்னும் வீட்டு வாசலுக்கே வரும். பதினொரு மணிக்கு வரும் தபால்காரி டொனாவோடு அவர் நட்புப் பிடித்துவிட்டார். "குட் மோர்னிங் மேடம்" என்று அவர் கதவைத் திறந்து கடிதங்களைக் கையில் வாங்குவதும், டொனா வாய்விட்டுச் சிரிப்பதும் இரண்டாவது நாளே வழக்கமாகிவிட்டது. ரவி என்னிடம் தனியாகச் சொன்னார்: "அவருக்குச் சொல்லப்பா. காத்து மாறப்போகுது." நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

5

ஆறாம் நாள், மம்மியின் செபத்துக்கு முந்திய நாள்.

கொட்டாஞ்சேனையில் வீட்டில் செபம் என்றால் முதல் நாள் வாசல் கழுவ வேண்டும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும். மம்மி விளக்குமாறால் தேய்ப்பார், டடா வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி ஊற்றுவார். நாங்கள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த அந்தப் பகலில் டடா இரண்டு வேலையையும் தனியாகச் செய்திருக்கிறார். வெளிக்குழாயைத் திறந்தாராம், தண்ணீர் வரவில்லை. குழாய் வெடிக்காமலிருக்கக் குளிர்காலத்தில் அதை உள்ளிருந்து பூட்டிவைப்போம். பழுது என்று நினைத்து, குளியலறையிலிருந்து வாளியில் சுமந்து போய் ஊற்றியிருக்கிறார். படிகள், நடைபாதை, தெரு ஓரம் வரைக்கும்.

மாலையில் காற்று மாறி வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. நான் வேலை முடிந்து, வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிறு தெருவான ஒழுங்கையால் வந்து, காரை விட்டுப் பின்கதவால் உள்ளே போனேன். எங்கள் ஊரில் முன்வாசலைக் குளிர்காலத்தில் வீட்டுக்காரரே பார்ப்பதில்லை. கட்லட்டுக்கு மீன் உதிர்த்துக்கொண்டிருந்தபோது டடா பக்கத்தில் வந்து நின்றார்.

"வாசல் கழுவியாச்சு, மகள்."

"நல்லம் டடா."

கதவுக்கு உள்ளே இருக்கும் நாலு தரை ஓடுகளைத் துடைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் மம்மியை நினைத்துக்கொண்டு நின்றது தெரிந்திருக்கும், எதை எப்படிக் கழுவினீர்கள் என்று நான் கேட்டிருப்பேன்.

காலையில் சைபருக்குக் கீழே பத்தொன்பது. நான் லீவு எடுத்து அடுப்படியில் நின்றேன். பதினொரு மணிக்கு டடா வழக்கம்போலக் கதவைத் திறந்தார். "குட் மோர்னிங்" பாதியில் நின்றது. ஏதோ விழுந்த சத்தமும் ஒரு பெண்ணின் அலறலும் கேட்டன. ஓடினேன். ஊற்றிய தண்ணீர் உறைந்து கண்ணாடி மாதிரி மின்னிய படியின் கீழே டொனா கிடந்தார், கடிதங்கள் சுற்றிவரச் சிதறிக் கிடந்தன. டடா வெறுங்காலோடு கீழே இறங்கப் பார்த்தார். அவரைச் சட்டையில் பிடித்து இழுத்தேன். டொனாவின் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

6

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, அவருடைய மேற்பார்வையாளர் ஒருவர் படிவத்தோடும் கமராவோடும் வந்தார். மரியாதையான மனிதர். படம் எடுத்துவிட்டு உள்ளே வந்து, வாசலில் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டார்.

"நான் ஊற்றினேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வந்து ஒரு வாரம் ஆகாத மனிதரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்ற ஒரு பதற்றம். டடா கதிரையிலிருந்து எழுந்தார்.

"எக்ஸ்கியூஸ் மீ, சேர். மகள் சொல்வது உண்மையில்லை. ஊற்றியவன் நான். எனக்கு ஒரு தாள் தாருங்கள்."

பிறகு தமிழில், என்னைப் பாராமல் சொன்னார்: "நான் செய்த வேலைக்கு நீ கையெழுத்து வைக்க ஏலாது."

சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினார். அந்த எழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது, ஒவ்வொரு வரியும் ஒரே அளவு. நேற்றுப் பிற்பகல் இரண்டு பத்துக்கு நான்கு வாளி தண்ணீர் ஊற்றினேன். அப்போது வெப்பம் ஒன்பது பாகை. தண்ணீர் காய்ந்துவிடும் என்று நம்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வரி என்னைப் பற்றியது. "இவ்விடத்துக் காலநிலை நுவரெலியாவை ஒத்தது என எனக்கு அறிவிக்கப்பட்டிருந்தது." யார் அறிவித்தார் என்று எழுதவில்லை. தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

மேற்பார்வையாளர் நுவரெலியாவை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். "எங்கள் நாட்டின் மிகக் குளிரான ஊர்," என்றார் டடா. அந்த மனிதர் தலையாட்டிப் படிவத்தில் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை மம்மியின் செபத்துக்கு வந்த ஏழு குடும்பமும், முன்வாசல் வேண்டாம் என்று நாங்கள் போன் செய்து சொன்னபடி, பின் ஒழுங்கையால் வந்து, கார் நிற்கும் இடத்தினூடாக எண்ணெய்க் கறையை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். டடா செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார். அவர் கழுவிய வாசலில் பனிக்கட்டி கரைய ரவி உப்புக் கொட்டிக்கொண்டிருந்தார்.

7

அதன் பிறகு உண்மையான குளிர்காலம் வந்தது. டடா வெளியே போகவில்லை. ஒவ்வொரு காலையும் அன்றைய வெப்பத்தைக் கலண்டரின் கட்டத்துக்குள் எழுதினார். சைபருக்குக் கீழே இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பத்தொன்று. எழுதுவார், பேனையை மூடுவார். அந்தக் கலண்டரைத் தாண்டி அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பதினொரு மணிக்கு வேறொருவர் தபால் கொண்டுவந்தார். டடா யன்னலுக்குள் நின்று பார்ப்பார். பங்குனியில் டொனா திரும்பி வந்தார். டடா சப்பாத்து, கையுறை எல்லாம் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டார். டொனா சிரித்து, இந்த ஊர் எல்லோரையும் ஒருமுறையாவது விழுத்தும் என்றார். டடா சிரிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, "மகள், நான் வீட்டை போகப்போறன்" என்றார். சித்திரையில் போய்விட்டார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் கதைத்தோம். பேத்தியின் படிப்பு, முழங்கால், மீன் விலை. நுவரெலியா என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுபடி வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? இந்த முறை கொழும்புக்கு வந்தும் பதினொரு நாள் போய்விட்டது, நேற்றுச் செபமும் முடிந்தது, இன்னும் கேட்கவில்லை.

8

இன்று பிற்பகல் வெள்ளவத்தைக்குப் போனோம், நவோமிக்கு இரண்டு சட்டை எடுக்க. காலி வீதியில் ஒரு துணிக்கடை. நான் சட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் டடா பக்கத்தில் இல்லை. கடையின் பின்பக்கம், வெளிநாடு போகிறவர்களுக்காகத் தடித்த ஜாக்கெட்டுகள் தொங்கும் இடத்தில் நின்றார். ஒன்றின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கிறவருக்கு ஜாக்கெட் எதற்கு?

கடைக்காரர், முஸ்லிம் அண்ணர்களை நாங்கள் நானா என்போம், முந்திக்கொண்டார். "எந்த நாட்டுக்கு சேர்?"

"கனடா," என்றார் டடா.

"அப்ப இத எடுங்க. நுவரெலியாக் குளிருக்கே தாங்கும்."

டடா என்னைப் பார்க்கவில்லை. ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார்.

"இல்ல நானா," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அங்க இது காணாது. அங்கத்தக் குளிர் நுவரெலியா மாதிரி இல்ல." பிறகு டடாவின் பக்கம் திரும்பினேன். "அண்டைக்கு நான் சொன்னது பொய், டடா. தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். உண்மையைச் சொன்னா நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு பயந்திட்டன்."

நானா சட்டை மடிக்கும் சாக்கில் தள்ளிப் போனார். டடா சிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை மாதம்?"

"ஐப்பசி முடியத் தொடங்கினா சித்திரை வரைக்கும்."

"ஆகக் கூடின குளிர்?"

"மைனஸ் முப்பது. அதுக்கு மேலயும் போகும். காத்தும் சேந்தா நாப்பது போல இருக்கும்."

"பொழுது?"

"மார்கழியில நாலரைக்கே இருட்டும்."

"தனிய நடக்க ஏலுமா?"

"சில நாளைக்கு ஏலாது. நாங்கள் வேலைக்குப் போயிடுவம், நீங்கள் வீட்டுக்குள்ள தனிய இருக்கவேணும். கச்சான் மாதிரிக் காத்து அடிச்சா நல்லா இருக்கும், ஆனா அதை நம்பேலாது. ஒரு பின்னேரத்துக்குள்ள மாறிடும்."

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், எழுதிக்கொள்வது போல. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றேன். ஜாக்கெட்டைத் திரும்பக் கொளுவியில் மாட்டினார்.

"சரி. விசா இன்னும் இருக்குத்தானே? மார்கழியில நத்தாருக்கு வாறன். ஜாக்கெட்டை அங்க வாங்கித் தா."

"இவ்வளவத்தையும் கேட்ட பிறகுமா, டடா?"

"அண்டைக்கே இதைச் சொல்லியிருந்தாலும் வந்திருப்பன், மகள்," என்றார். "தண்ணி மட்டும் ஊத்தியிருக்க மாட்டன்."